வயலே இல்லாத ஊரின் விவசாயக் கூலிகள்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற பெரிய ரோட்டை விட்டு உள்ளே மூன்று கிலோமீட்டர் போனால் எங்கள் ஊர் வரும். குவாரிமேடு என்பார்கள். நான் கைக்குழந்தையோடு வந்து இறங்கியபோது அங்கே ஒரு மலை இருந்தது. சின்ன மலைதான். இருந்தாலும் சாயங்கால நேரத்தில் அதன் நிழல் எங்கள் கொட்டகைகளைத் தாண்டிப் போய் விழும். முப்பது வருஷத்தில் அதை ஜல்லியாக்கி லாரி லாரியாக அனுப்பிவிட்டோம். இப்போது அந்த இடத்தில் பெரிய பள்ளமும் பச்சைத் தண்ணீரும்தான் இருக்கிறது. சென்னையில் எத்தனை பாலமும் எத்தனை மாடி வீடும் எங்கள் மலையால் நிற்கிறதோ, அந்த மாரியம்மனுக்குத்தான் வெளிச்சம்.

அதை ஊர் என்று நினைத்து யாரும் கட்டவில்லை. கல் உடைக்க ஆள் வேண்டியிருந்தது, ஆள் படுக்கக் கொட்டகை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் கிணறு வெட்டுவதுதான் வேலை. என் புகுந்த வீட்டிலும் அதே வேலைதான். போர்வெல் போடுகிற வண்டி வந்த பிறகு யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. என் அண்ணன்தான் முதலில் குவாரிக்குப் போனார். பாறையில் வெடி வைக்கக் கற்றுக்கொண்டு மேஸ்திரியானார். பிறகு எங்களையும், எங்களைப் போலக் கிணறு வெட்டினவர்களையும், செங்கல் சூளையில் கிடந்தவர்களையும் ஒவ்வொரு குடும்பமாகக் கூட்டி வந்தார். "கல்லு மழைய நம்பிக்கினு இல்ல, வா" என்றார். பசியோடு இருந்தவர்களுக்கு அந்தப் பேச்சு தெய்வ வாக்கு மாதிரி இருந்தது.

என் வீட்டுக்காரர் பாறையில் குழி போடுகிறவர். பெரிய கம்ப்ரசர் வண்டியிலிருந்து குழாய் வரும். அதில் மாட்டின துளைக்கும் மிஷினை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, வெடி வைப்பதற்குப் பாறையில் ஆழமாக ஓட்டை போடுவார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கண் இமை வரைக்கும் வெள்ளையாக இருக்கும். மாவு மில்லில் வேலை செய்கிறவர் மாதிரி வாசலில் நின்று துண்டை உதறுவார். பெண்களுக்குச் சக்கை, அதாவது வெடியில் பிளந்து விழுந்த கல்லை, உடைக்கிற வேலை. சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிக் கல்லை அதற்குள் வைத்துப் பிடித்துக்கொண்டு, சுத்தியலால் ஜல்லியாக உடைக்க வேண்டும். மத்தியானம் ஒரு மணிக்கு விசில் ஊதினால் சோற்றுப் பானையை மூடிவிட்டு, பிள்ளைகளின் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்காருவோம். வெடி வெடித்த பிறகு புகை மாதிரி தூசு கிளம்பி மெதுவாக ஊர்மேல் இறங்கும். காயப்போட்ட துணியிலும் குடத்துத் தண்ணீரிலும் அது படிந்திருக்கும். சனிக்கிழமை தோறும் அண்ணன் ஆளுக்கு ஒரு உருண்டை வெல்லம் கொடுப்பார். வெல்லம் தின்றால் தொண்டையில் இருக்கிற தூசு இறங்கிவிடும் என்று எல்லோரும் நம்பினோம். தூசு எங்கே இறங்கும் என்று யாரும் கேட்டதில்லை.

எங்கள் எல்லோருக்கும் அண்ணன் ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தார். மாரியம்மனுக்கு முதல் வருஷம் கூழ் ஊற்றின அன்று, கோயில் முன்னால் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"ஆபீசருங்க எவன் வந்து இன்னா வேலைன்னு கேட்டாலும் விவசாயக் கூலின்னு சொல்லணும். கல்லுன்னு வாயத் தொறக்கக் கூடாது. நம்ம பேர எழுதிட்டாங்கன்னா குவாரிய இழுத்து மூடிடுவாங்க. அப்புறம் குடும்பத்தோட மண்ணத் தின்னுக்கினு கெடக்க வேண்டியதுதான்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மேலே இருந்த குவாரி முதலாளிகள் அவரிடம் சொன்னதை அவர் எங்களிடம் சொன்னார். நாங்களும் அப்படியே சொன்னோம். ரேஷன் கார்டு எழுத வந்தவரிடம் சொன்னோம், பேங்க்கில் சொன்னோம், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது சொன்னோம். ஒரு முறை தலைமை ஆசிரியை ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, உங்க ஊர்ல கண்ணுக்கு எட்டின தூரம் ஒரு வயலக் காணோம். இத்தனை பேரும் விவசாயக் கூலின்னா எங்கதான் நடவு நடுறீங்க, வானத்துலயா?" நாங்களும் அவரோடு சேர்ந்து சிரித்தோம். சிரித்துவிட்டு அதையே எழுதச் சொன்னோம். ரேஷன் கார்டில் எனக்குக் குடும்பத் தலைவி என்று எழுதினார்கள். பன்னிரண்டு வருஷம் சக்கை உடைத்தவளுக்கு அதுதான் தொழில்.

என் வீட்டுக்காரருக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் இருமல் வந்தது. எங்கள் குவாரியில் தண்ணீர் ஊறி வேலை நின்றதும் பக்கத்துக் குவாரிக்குப் போய்க்கொண்டிருந்தார். முதலில் பனி என்றோம். பிறகு பீடி என்றோம். ஆறு மாதத்தில் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"என்ன வேலை பாக்குறாரு?"

"விவசாயக் கூலிங்க."

என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே நான் சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. பேரைக் கேட்டால் பேரைச் சொல்கிற மாதிரி வந்துவிட்டது. ஆபீசர் வேறு, டாக்டர் வேறு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லோரும் எனக்கு ஒன்றுதான்.

சளியில் ஒன்றும் தெரியவில்லை, எக்ஸ்ரே படத்தில் தெரிகிறது, டிபியாகத்தான் இருக்கும் என்றார். நான் சொன்னதை வைத்துத்தானே அவரும் பார்க்க முடியும். ஆறு மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "வெயில்லயும் சேத்துலயும் எறங்கி வேலை செய்ய வேணாம். உக்காந்த எடத்துல செய்யிற வேலை ஏதாவது கெடைச்சா செய்யட்டும்" என்றார்.

அண்ணனிடம் ஓடினேன். இரண்டே நாளில் கிரஷரில் வேலை வாங்கிக் கொடுத்தார். கல்லை அரைத்து ஜல்லியாகக் கொட்டுகிற மிஷின் இருக்கும் இடம் அது. தகரக் கொட்டகையின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, லாரி எத்தனை போகிறது என்று எழுத வேண்டும். "மாப்ளே, ராசா மாதிரி உக்காந்துக்கினு இரு, போதும்" என்றார் அண்ணன். நாற்காலிக்கும் மிஷினுக்கும் முப்பது அடிகூட இருக்காது. நாள் முழுக்க அந்தத் தூசு அவர்மேல்தான் கொட்டும். ஆனால் வெயில் இல்லை, சேறு இல்லை, டாக்டர் சொன்ன மாதிரி உட்கார்ந்த வேலை. நான் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தேன். தாயே, வழி காட்டினாயே என்று விழுந்து கும்பிட்டேன்.  ஒரு வருஷத்துக்கும் மேலாக அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்து அந்தத் தூசுக்குள் அனுப்பியது நான்தான்.

வீட்டில் நடந்தது இன்னும் மோசம். டிபி ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய் என்று வைத்தேன். மூன்று வயசுப் பேத்தியை அவர் பக்கத்தில் விடவில்லை. அவள் அழுதால் மகள் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவாள். ஒரு நாள் தட்டை அவர் முன்னால் தள்ளி வைத்தபோது, "தே, தூக்கித்தான் போடேன். கவ்விக்கிறேன்" என்றார். 

ஆறு மாதம் முடிந்தது. மாத்திரையை இன்னும் நீட்டினார்கள். உடம்பு தேறவில்லை. பத்து அடி நடந்தால் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வார். மகள்தான் பிடிவாதமாக முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள்.

அங்கே இருந்தது ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. எங்கள் மாவட்டத்துப் பேச்சு. படத்தை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே, "ஐயா என்ன வேலை செய்யறாரு?" என்று கேட்டார். நான் பழையபடியே சொன்னேன்.

"அப்படியா? எங்க வூட்லயும் வெவசாயம்தாம்மா. உங்க பக்கம் மல்லாட்டை போட்டுருக்காங்களா?" வேர்க்கடலையைத்தான் கேட்டார்.

"போட்டுருக்காங்கம்மா."

"களை வெட்டியாச்சா?"

"ஆச்சும்மா. இப்ப நாலாவது களை வெட்டிக்கினு இருக்காங்க."

டாக்டரம்மா படத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற நர்சம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"நாலாவது களையா? மல்லாட்டைக்கு விழுது எறங்கின பொறவு காட்டுல கால வைக்கவே எங்கப்பா வுடமாட்டாரு. நீங்க நாலு களை வெட்டினா கொடிதாம்மா மிஞ்சும்."

எனக்கு முகம் எரிந்தது. அவர் அதற்குமேல் என்னிடம் கேட்கவில்லை. என் வீட்டுக்காரரின் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முழங்கை வரைக்கும் தோலுக்கு உள்ளே நீலமும் கறுப்புமாகப் புள்ளி புள்ளியாக இருக்கும். நெற்றியிலும் உண்டு. எங்கள் ஊர் ஆண்கள் எல்லோருக்கும் இருப்பதால் அதை நாங்கள் பார்ப்பதே இல்லை.

"இது என்னங்க ஐயா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "கல்லு தெறிச்சதும்மா. நான் குவாரில குழி போடுறவன். முப்பது வருஷமா போடுறேன். களைக்கொட்ட கையால தொட்டதில்ல."

பேனா வைத்திருக்கிற ஒருவரிடம் அவர் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். படத்தை மறுபடி தூக்கிக் காட்டினார். நெஞ்சின் இரண்டு பக்கமும் ரவையை வாரி இறைத்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். "இது கல்லு தூசும்மா. டிபி மாதிரியேதான் இருக்கும். இன்னும் ரெண்டு டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு முடிவா சொல்றேன்" என்றார். அடுத்த வாரம் முடிவாகச் சொன்னார். டிபி இல்லை. உள்ளே போன தூசு வெளியே வராது. மூச்சு கொஞ்சம் லேசாக மருந்து தரலாம், அவ்வளவுதான். "இனிமே ஒரு நாள்கூட தூசுல இருக்கக் கூடாது. இப்ப எங்க வேலை செய்யறாரு?" என்று கேட்டார். கிரஷரில் என்று சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். இந்த நோய் வேலையால் வந்தது என்று முறையாகப் பதிய வேண்டும் என்றால், வேலைக்கு வைத்தவரோ கூட வேலை செய்தவரோ ஒருவர் வந்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவருக்குப் பதிந்தால் அதைக் காட்டி ஊரில் மற்றவர்களையும் வரவழைத்துப் படம் எடுக்க அவரால் கேட்க முடியும். இல்லையென்றால் எங்கள் ஊரில் எல்லோரும் காகிதத்தில் விவசாயக் கூலிகள். அவர்களுக்கு எதற்குக் கல் தூசு வருகிறது என்றுதான் மேலே கேட்பார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவருடைய தனி டம்ளரை எடுத்து மற்ற டம்ளர்களோடு கலந்து கவிழ்த்து வைத்தேன். பேத்தியை அவர் மடியில் உட்காரவைத்தேன். அவள் பழக்கமில்லாமல் இறங்கி ஓடிவிட்டாள்.

"வுடு, வருவா" என்றார். பிறகு, "நான் போயிட்டா குடுப்பாங்களே ஒரு பேப்பரு, அதுலயாவது வெவசாயக் கூலின்னு எழுத வுட்டுடாத. மலையவே ஒடைச்சவன் நானு" என்றார்.

அவர் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. இந்த ஒன்றைத்தான் கேட்டார். அதற்காகத்தான் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் நாலைந்து மாதமாக இருமல். ஜன்னல் கம்பியில் மாத்திரை அட்டை செருகியிருந்தது. என் வீட்டுக்காரர் விழுங்கின அதே மாத்திரை, அதே டவுன் டாக்டர்.  டாக்டரம்மா சொன்னதை எல்லாம் சொன்னேன். நீங்கள் வந்து ஒரு கையெழுத்துப் போடுங்கள், அப்படியே உங்கள் நெஞ்சையும் காட்டுங்கள் என்றேன்.

"எனக்கு டிபிதான். டாக்டர் சொல்லியாச்சு" என்றார்.

"அவருக்கும் அதத்தான் சொன்னாங்க அண்ணே."

"பாப்பா, ஆவணில எம் பொண்ணுக்குக் கல்யாணம். டிபின்னா ஆறு மாசத்துல சரியாயிடும்னு மாப்ள வூட்டுக்காரங்க ஒத்துக்கினு இருக்காங்க. குவாரிமேட்டு ஆம்பளைங்க எல்லாருக்கும் நெஞ்சுல கல்லுன்னு தெரிஞ்சா இந்த ஊர்ப் பொண்ண எவன் கட்டுவான்? பட்டா வேற கேட்டு மனு குடுத்துருக்கோம். ஆபீசருங்க வந்தா மொதல்ல கேக்குறது, நீங்கல்லாம் யாரு, இங்க இன்னா பண்ணீங்கன்னுதான். இத்தன வருஷம் கட்டிக் காப்பாத்தினதப் போட்டு ஒடைக்கிறியா?"

"அவரு ஒங்ககிட்ட வேலை செய்யலையா? நீங்கதானே அந்த மிஷின அவரு கையில குடுத்தீங்க?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

அப்போதுதான் என் வாயில் அது வந்துவிட்டது. "தெரியாதா? அப்ப வாங்க திருவாமாத்தூருக்கு. வட்டப்பாறைல கைய வச்சுச் சொல்லுங்க, எனக்குத் தெரியாதுன்னு."

எங்கள் பக்கத்தில் அந்தப் பேச்சை யாரும் விளையாட்டுக்குப் பேசமாட்டார்கள். சிவன் கோயிலில் இருக்கிற அந்தப் பாறையில் கைவைத்துப் பொய்ச் சத்தியம் செய்தவன் ஊர் எல்லை தாண்டமாட்டான், பாம்பு தீண்டிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அண்ணன் முகம் வெளுத்துப்போனது. "கூடப் பொறந்தவன பாம்பு புடுங்கணும்னு நெனைக்கிற. போ. இன்னிமே என் வாசப்படி மெறிக்காத" என்றார். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அண்ணி முறத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

விஷயம் ஒரே நாளில் ஊர் முழுக்கப் பரவியது. என் வீட்டுக்காரரோடு குழி போட்ட மூன்று பேரைக் கேட்டேன். மூன்று பேரும் இருமிக்கொண்டே முடியாது என்றார்கள். தண்ணீர்க் குழாயில் நான் குடத்தோடு போனால் பேச்சு நிற்கும். ஒருத்தி மட்டும் நிறுத்தாமல் என் காதில் விழுகிற மாதிரியே சொன்னாள்.

"இந்தக்கா டாக்டரம்மாவுக்கு மல்லாட்டை வெவசாயம் கத்துக் குடுத்துட்டு வந்துச்சாம்டி. நாலு களையாம். அந்தம்மா வேலைய வுட்டுட்டுக் காட்டுக்குப் போயிடுச்சாம்."

எல்லோரும் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் நானும்தான் சிரித்திருப்பேன். இன்னொருத்தி சிரிக்கவில்லை. "ஒன் ஊட்டுக்காரருக்கு வந்தா ஊருக்கே வந்தாப்பலயா? எம் பொண்ணும் கல்யாணத்துக்கு நிக்குது, ஞாபகம் வச்சுக்க" என்றாள். அவள் புருஷன் இன்னும் அந்தக் கிரஷரில்தான் வேலை செய்கிறான். நான் குடத்தை அரைகுறையாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த பிரதோஷத்துக்குத் திருவாமாத்தூர் போனேன். யாரையும் சபிக்கப் போகவில்லை. கூடப் பிறந்தவரை அப்படிச் சொன்னதற்கு ஈசனிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். சாமி கும்பிட்டுவிட்டு வட்டப்பாறைப் பக்கம் வந்தபோது ஏதோ ஒரு ஊர்க்காரர்கள் வரப்புச் சண்டைக்குச் சத்தியம் வாங்க வந்து நின்றிருந்தார்கள். கைவைக்க வேண்டியவர் நெடுநேரம் நின்றார். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் போய்விட்டார். கூட்டம் கலைந்தது. பாறை முன்னால் நான் மட்டும் நின்றேன்.

அண்ணனைக் கைவைக்கச் சொன்னேனே, நான் வைப்பேனா என்று நினைத்துப் பார்த்தேன். எத்தனை இடத்தில் எத்தனை தடவை பொய் சொல்லியிருக்கிறேன். என் பொய்யை நம்பி டாக்டர் சொன்னதால்தானே என் வீட்டுக்காரர் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.  ஈசனே, நான் இன்னா செய்யணும் என்று வாய்விட்டுக் கேட்டேன்.  என் கையைப் பார்த்தேன். இடது கை ஆள்காட்டி விரலில் பாதி நகம் கிடையாது. சுத்தியல் தவறி நசுங்கினது. கூட வேலை செய்தவர் யாராவது கையெழுத்துப் போடலாம் என்றுதானே டாக்டரம்மா சொன்னார். என் வீட்டுக்காரர் மேலே நின்று பாறையில் குழி போட்ட பன்னிரண்டு வருஷமும் நான் கீழே உட்கார்ந்து அதே பாறையின் சக்கையைத்தானே உடைத்தேன். ஊரெல்லாம் சாட்சி தேடி அலைந்தேனே, ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி என்று எழுதினது எனக்கே மனசில் பதிந்துபோயிருந்தது.

மறு வாரம் ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னேன். "நீங்களேவாம்மா?" என்றார் டாக்டரம்மா. பேப்பர் கொடுத்தார். எட்டாவது வரைக்கும் படித்தவள், எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. எந்த வருஷம் வந்தோம், அவர் என்ன செய்தார், நான் என்ன செய்தேன், தூசு எப்படி வந்து இறங்கும் எல்லாம் எழுதினேன். விவசாயக் கூலி என்று இத்தனை நாள் சொன்னது பொய் என்றும் எழுதினேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அதை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார். மலை என்று நான் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து மறுபடி படித்தார்.

டாக்டரம்மா அதை வாங்கிப் படித்துவிட்டு என்னைத்தான் பார்த்தார். "பன்னெண்டு வருஷமா? அப்ப உங்களுக்கும் ஒரு படம் எடுத்துடலாம்மா" என்றார்.

எனக்கும் இருக்கிறது. அவருக்கு இருப்பதில் கால்வாசிகூட இல்லையாம். மேடு ஏறினால் மூச்சு வாங்குவதை வயசு என்று நினைத்திருந்தேன். அவரிடம் சொல்லாமல் மறைக்கத்தான் முதலில் தோன்றியது. ஆனால் இனி ஒரு பொய்யைத் தூக்கிச் சுமக்க எனக்குத் தெம்பு இல்லை. வீட்டுக்கு வந்து, சோறு போட்டு, அவர் சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னேன்.

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். தெருவில் இறங்கி நடந்தார். அண்ணன் வீடு எங்கள் வீட்டிலிருந்து ஏழாவது வீடு. வழியில் மூன்று இடத்தில் நின்றார். ஒவ்வொரு இடத்திலும் யார் வீட்டுச் சுவரையாவது பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். வெளியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். நான் இரண்டடி பின்னால் போனேன். வாசப்படி மிதிக்காதே என்று சொன்னது ஞாபகம் இருந்ததால் தெருவிலேயே நின்றுகொண்டேன். அவர் மட்டும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மச்சான்."

அண்ணன் கட்டிலில் அசையாமல் இருந்தார்.

"உன் தங்கச்சிக்கும் இருக்குது மச்சான். நெஞ்சுல. படத்துல பாத்துட்டாங்க."

"எவன் சொன்னான்?" என்றார்.

"நான் சண்டைக்கு வரல. கையெழுத்து அவளே போட்டுட்டா, உன்னுது வேணாம். நாளைக்கு ஆறே முக்கா வண்டிக்கு நாங்க போறோம். நீயும் வந்து காட்டிட்டு வா. அந்த மாத்திரைய முழுங்கிக்கினு கெடக்காத. நான் கெடந்தேன். பேஜாரு."

அவ்வளவு பேசியதற்கே அவருக்கு இருமல் பிடுங்கிக்கொண்டது. உள்ளேயிருந்து அண்ணனுக்கும் இருமல். இரண்டு பேரும் மாறி மாறி இருமினார்கள். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் என் வீட்டுக்காரரைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

காலையில் நாங்கள் ஊர் முனையில் பஸ் நிற்கிற ரோட்டுக்குப் போனபோது அண்ணியும் அண்ணனும் அங்கே இருந்தார்கள். அண்ணன் மைல்கல் மேல் உட்கார்ந்து துண்டால் வாயை மூடியிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. அண்ணிதான் என் கையைப் பிடித்தார். "ராத்திரியெல்லாம் பேசிட்டேன் பாப்பா. மாப்ள வூட்ல கேட்டா பதில் நான் சொல்லிக்கிறேன்" என்றார். பஸ் வந்தது. அண்ணன் ஏறி, "ஜன்னலோரம் நீ ஒக்காரு மாப்ளே, காத்து வரும்" என்று மட்டும் சொன்னார்.

பாதி வழியில் திரும்பி என்னைப் பார்த்தார். "கூட வேலை செஞ்சவங்க பேரெல்லாம் கேப்பாங்களா பாப்பா?"

"கேப்பாங்க அண்ணே. அந்தம்மா லிஸ்ட்டே கேட்டுருக்காங்க. எல்லாரையும் கூப்ட்டுப் படம் எடுக்கணும்னாங்க."

அவர் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். தான் கூட்டி வந்த ஆட்களை ஒவ்வொரு கொட்டகையாக, வந்த வரிசைப்படி, வாய்க்குள்ளேயே பேர் சொல்லி எண்ணினார். பத்து விரலும் தீர்ந்தது, மறுபடி முதலிலிருந்து மடக்கினார். சில பேர்களில் விரல் மடங்காமல் அப்படியே நிற்கும். அதெல்லாம் யார் என்று எனக்கும் தெரியும். டிபியில் செத்தார்கள் என்று நாங்கள் எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்தவர்கள். "அவனயும் எழுதணுமா?" என்று கேட்டார். எழுதணும் என்றேன். விரலை மடக்கினார்.

விக்கிரவாண்டி தாண்டியும் அவர் எண்ணிக்கொண்டுதான் வந்தார்.